எழுபது என்ற எண்

தாத்தாவின் நோட்டு இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. காலிகோ முதுகு ஒட்டிய நீளக் கணக்கு நோட்டு. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர் என்பதால், இதிலும் பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்திருக்கிறார். தேதி, கிழமை, மணி, கடைசியில் ஓர் எண். 1984 ஜூன் மாதத்தில் தொடங்கும் முதல் பக்கத்தில் அந்த எண் எழுபது. மறுநாளும் எழுபது. புரட்டப் புரட்ட மழைக்காலம் வருகிறது, இந்திரா காந்தி இறந்த நாள் வருகிறது, தை பிறக்கிறது. எண் மட்டும் மாறுவதில்லை. சில இடங்களில் 72 என்றோ 68 என்றோ எழுதி அடித்து, பக்கத்தில் ‘மறு எண்ணிக்கை 70’ என்று குறித்திருக்கிறார். அந்தத் தப்பெல்லாம் என்னுடையவை.

எண்ணுவது ஆச்சி. நேரம் பார்த்துச் சொல்வது, ஒன்பது வயதில் இருந்த நான். காலையில் காபிக்கு முன்னால் தாத்தா கட்டிலில் சாய்ந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார். எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து என்னிடம் நீட்டுவார். ஆச்சி அவருடைய இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, நாடி அகப்பட்டதும் தலையை அசைப்பாள். நொடிமுள் பன்னிரண்டைத் தொடும்போது நான் ‘ம்’ என்பேன். அதிலிருந்து ஒரு முழு நிமிஷம் வீட்டில் யாரும் பேசக் கூடாது. பால்காரர் வந்தால் அவரும் வாசலிலேயே நிற்பார். அவருக்கும் விஷயம் தெரியும். ஆச்சியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். முள் ஒரு சுற்று வந்ததும் ‘போதும்’ என்பேன். “எழுபது” என்பாள். தாத்தா எழுதி, மை உலர ஊதுவார். பிறகுதான் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும்.

ஏழு வருஷம் இப்படி நடந்தது. தாத்தாவின் நெஞ்சில் இருந்த பேஸ்மேக்கரின் அதே வேலையைச் செய்யும் ஒரு கருவி இன்று அம்மாவின் நெஞ்சிலும் இருக்கிறது. அவள் நாடியை இந்த வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. எண்ணினாலும் அதிலிருந்து எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தாத்தாவுக்கு அப்போது 62 வயது. கடை வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர், நின்ற வாக்கில் சாய்ந்தார். அரை நிமிஷத்தில் தானே எழுந்து, தலைச்சுற்றல் என்றார். அந்த மாதத்தில் மூன்று முறை அப்படி விழுந்தார். உள்ளூர் டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தபோது 34 இருந்தது. மெட்ராஸ் போகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர் போக ஒரு முழு இரவு ஆகும். ஆச்சி அந்த இரவு முழுக்க அவர் மணிக்கட்டை விடவே இல்லை என்று அம்மா சொல்வாள். கருவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஊருக்கு மேற்கே வாங்கிப் போட்டிருந்த மனை அதற்காக விற்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

மெட்ராஸில் பன்னிரண்டு நாள் இருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் ஒரு மாலை கட்டிலில் உட்கார்ந்து, தாத்தாவின் நோட்டை வாங்கிப் படம் போட்டு விளக்கினாராம். அந்தப் படம் கடைசி அட்டைக்கு உள்பக்கம் இன்னும் இருக்கிறது. இதயம் ஒரு மாடி வீடு. மாடியில் இருக்கிறவர் நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவை கூப்பிடுகிறார். கீழே இருக்கிறவர் அந்தக் குரல் கேட்டுத்தான் வேலை செய்கிறார். உங்களுக்கு மாடிப்படி அடைத்துக்கொண்டது, குரல் கீழே வரவில்லை. கீழே இருப்பவர் தாமாக ஏதோ முப்பது, முப்பத்தைந்து தடவை வேலை பார்க்கிறார். அதனால்தான் மூளைக்கு ரத்தம் போதாமல் விழுகிறீர்கள். இந்தப் பெட்டி கீழ்வீட்டுக்குள் ஒரு கம்பியை விட்டு, எழுபது தடவை தட்டி எழுப்பும். மாடியில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது இதற்குக் கேட்காது. பேட்டரி தளரும்போது தட்டுவது குறையும். எண்ணிப் பாருங்கள். அறுபத்தைந்துக்கு வந்தால் உடனே புறப்பட்டு வாருங்கள்.

நோட்டு பிறந்தது அந்தக் கடைசி மூன்று வாக்கியத்தால்தான். கருவிக்குத் தன் நிலைமையைச் சொல்ல வேறு வழி இருக்கவில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதுதான் அதன் பேச்சு. அதைக் கேட்க யாராவது தினமும் மணிக்கட்டில் விரல் வைத்தாக வேண்டும்.

பின்னாளில் படித்தபோது தெரிந்தது, தாத்தாவே எவ்வளவோ வழி கடந்து வந்த ஒரு கருவியைத்தான் பெற்றிருந்தார் என்று. 1950-களின் அமெரிக்க மருத்துவமனைகளில் பேஸ்மேக்கர் என்பது சுவர் மின்சாரத்தில் ஓடும் ஒரு பெட்டி. நோயாளி ஒயரின் நீளத்துக்குத்தான் நடமாட முடியும். 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் நகரத்தில் மின்சாரம் நின்றபோது அந்தப் பெட்டிகளின் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. வால்டன் லில்லெஹை என்ற அறுவை மருத்துவர், மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஏர்ல் பாக்கெனிடம் வேறு வழி கேட்டார். இசை பழகுகிறவர்களுக்குத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் சுற்று ஒன்று பத்திரிகையில் வந்திருந்தது. அதை ஒட்டி, பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியைச் சில வாரங்களில் பாக்கென் செய்து கொடுத்தார்.

மறு வருஷம் 1958 அக்டோபர் 8. ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில், கரோலின்ஸ்கா மருத்துவமனை. அர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்குத் தினமும் இருபது, முப்பது தடவை நினைவு தப்பிக்கொண்டிருந்தது. ஓகே சென்னிங் அறுவை மருத்துவர், ரூனே எல்ம்க்விஸ்ட் பொறியாளர். உடம்புக்குள் வைக்கிற அளவுக்குக் கருவி இன்னும் தயாராகவில்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள். லார்சனின் மனைவி எல்ஸ்-மரி விடாமல் போய் நின்று கேட்டார். இரண்டு டிரான்சிஸ்டர், வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி, மேலே எபாக்சி பிசின். அந்தப் பிசினை வார்க்க அச்சாக இருந்தது ஷூ பாலிஷ் டப்பா. 55 மில்லிமீட்டர் விட்டம், 16 மில்லிமீட்டர் தடிமன். நெஞ்சைத் திறந்து வைத்தார்கள். சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. இரண்டாவதை வைத்தார்கள், அதுவும் நீடிக்கவில்லை. ஆனால் லார்சன் நீடித்தார். 43 வருஷத்தில் 26 கருவிகள் மாற்றிக்கொண்டு, தன்னைக் காப்பாற்றிய மருத்துவரும் பொறியாளரும் போன பிறகும் இருந்து, 2001-இல் 86 வயதில் இதயத்துக்குச் சம்பந்தமில்லாத புற்றுநோயால் இறந்தார். சராசரி பார்த்தால் ஒரு கருவிக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்திய வாரங்களில் அந்த வீட்டுக் காலைகள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் போலத் தோன்றுகிறது. எல்ஸ்-மரியும் ஆச்சியும் ஒரே வேலையைச் செய்தவர்கள்.

தாத்தாவின் காலத்துக்குள் நெஞ்சைத் திறக்கும் வழக்கம் போய்விட்டது. காரை எலும்புக்குக் கீழே கீறி, ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை இறக்குகிற முறை வந்துவிட்டது. 1972-இல் புழக்கத்துக்கு வந்த லித்தியம் பேட்டரி, பழைய பாதரச பேட்டரி போல இரண்டு வருஷத்தில் கைவிடாது. இவ்வளவும் அவருக்குக் கிடைத்த வரவு. பற்று என்ன என்பது வீட்டுக்குத்தான் தெரியும். மிக்ஸி ஓடினால் அவர் திண்ணைக்குப் போய்விடுவார். டிரான்ஸ்பார்மர் இருக்கும் சந்து வழியே நடக்கமாட்டார். மொட்டை மாடிக்குப் பதினெட்டுப் படி. ஆறாவதிலும் பன்னிரண்டாவதிலும் நின்றுதான் ஏறுவார். உடம்பு எண்பது, தொண்ணூறு கேட்கும்போதும் பெட்டி எழுபதுதான் கொடுத்தது. மாடியும் கீழும் ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனியே துடித்ததில் சில நேரம் கழுத்து நரம்பு எகிறும். துண்டைச் சுற்றி அதை மறைத்துக்கொள்வார்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. வருஷ சோதனையில் டாக்டர் அவரைக் கைகூப்பச் சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று அழுத்தச் சொல்வாராம். மார்புத் தசை இறுகும்போது எழுகிற சின்ன மின்சாரத்தை இதயத்தின் துடிப்பென்று நம்பி, அந்தக் காலத்துக் கருவிகள் சில சமயம் தட்டாமல் நின்றுவிடும். தாத்தாவுக்கு ஒரு துடிப்பு தவறியது. அதிலிருந்து கோயிலில் அவர் கைகளைப் பட்டும் படாமலும் சேர்த்துத்தான் கும்பிட்டார்.

1991 செப்டம்பரில் நோட்டில் 69 வருகிறது. அடித்து எழுதப்படவில்லை. மறுநாளும் 69. தாத்தா முதலில் சந்தேகப்பட்டது கடிகாரத்தை. வானொலியில் செய்திக்கு முன் வரும் மணி ஒலியோடு வைத்துச் சரிபார்த்தார். கடிகாரம் சரியாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் 68. அக்டோபரில் 65. அதன் கீழே சிவப்பு மையில் இரட்டைக்கோடு, பேரேட்டில் கணக்கு முடிக்கும்போது போடுவது போல. அன்று இரவே ரயில் ஏறினார்கள். பெட்டியை மட்டும் மாற்றினார்கள். கழற்றியதைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். நான்கைந்து பழைய ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கியது போன்ற கனம். புதுப் பெட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலேயே சோதித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆச்சி எண்ணுவதை நிறுத்தவில்லை. எழுதுவது மட்டும் நின்றது.

அம்மா விழுந்தது 2023 செப்டம்பரில். அவளுக்கு 70 வயது. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் கொடிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு போனில் அவள் சொன்ன முதல் வார்த்தை, “தாத்தாவுக்கு வந்ததுதாம்மா.” நாடியை அவளே எண்ணியிருக்கிறாள். 36. ஈ.சி.ஜி. அதையேதான் சொன்னது. ஒரு மணி நேரத்தில் மதுரை. அன்று மாலையே தொடை வழியாகத் தற்காலிகக் கம்பி. மறுநாள் காலையில் நிரந்தரக் கருவி. தோளுக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி. உள்ளே அவளோடு பேசிக்கொண்டே வைத்தார்கள். போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் இடையில் நான் கேன்டீனில் ஒரு காபியைத்தான் குடித்து முடித்திருந்தேன்.

எதிர்க்கட்டிலில் சாத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். கம்மாய் வேலைக்குப் போகிறவர். அவருக்கும் அதே நாளில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மனை எதையும் விற்காமல் அவர் வீட்டுக்குத் திரும்பினார். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே நான் பார்த்த மாறுதல்களில் இதுதான் பெரியது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தாத்தாவைப் போல நின்ற வாக்கில் சாய்ந்து, விற்க மனை இல்லாததால் எழாமலே போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்திருப்பார்கள். அதை மாரடைப்பு என்றோ பேயறைந்தது என்றோ சொல்லி முடித்திருப்பார்கள்.

அம்மாவின் கருவிக்கு இரண்டு கம்பி. ஒன்று மாடியில், ஒன்று கீழே. மேலே இருப்பவர் கூப்பிடுவது இதற்குக் கேட்கும். கேட்டு, கீழே கொண்டுபோய்ச் சொல்லும். படி ஏறினால் மேலே வேகம் கூடுகிறது, கீழேயும் கூடுகிறது. தாத்தா இரண்டு இடத்தில் நின்ற அதே பதினெட்டுப் படியை அம்மா வடாம் தட்டோடு ஒரே மூச்சில் ஏறுகிறாள். அவள் ஏறுவதைப் பின்னால் நின்று பார்க்கும்போது நானும் ஆறாவது படியில் ஒரு கணம் நின்றுவிடுகிறேன், பழக்கத்தில்.

மூன்றாவது மாதச் சோதனைக்கு கம்பெனிக்காரப் பையன் லேப்டாப் மாதிரி இருந்த புரோகிராமரோடு வந்தான். கணினி மவுஸ் போன்ற ஒன்றைத் தழும்புக்கு மேலே வைத்தான்.

“தம்பி, என் எண் என்னப்பா?” என்றாள் அம்மா.

“எண்ணுன்னா?”

“எங்கப்பாவுக்கு எழுபது. எனக்கு எவ்வளவு வச்சிருக்கீங்க?”

“ஒரே எண்ணு கிடையாதும்மா. கீழ அறுபது, மேல நூத்தி முப்பது. நடுவுல உங்க உடம்பு எது கேக்குதோ அது.”

“அப்போ பேட்டரி போகுதுன்னு எப்பிடித் தெரியும்?”

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஒன்பது வருஷம் நான்கு மாதம் என்றிருந்தது. அம்மா மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. “எண்பது ஆகும்” என்றாள், ரயில் எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேரும் என்று சொல்வது போல.

திரையில் வேறொன்றும் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, பின்னிரவு இரண்டு மணி பத்து நிமிஷத்திலிருந்து நான்கு நிமிஷத்துக்கு மாடி அறை தாறுமாறாக ஓடியிருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்து, இப்படி நீண்ட நேரம் ஓடினால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடலாம், கவனித்துக்கொள்வோம், தேவைப்பட்டால் மாத்திரை தரலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு முழித்துக்கொண்டாளாம். நெஞ்சு படபடவென்றதாம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளாம். “உன்னை எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன்.” அடுத்த அறையில்தான் நான் படுத்திருந்தேன். எனக்குத் தெரியாத அந்த நான்கு நிமிஷம் கருவிக்குத் தெரிந்திருந்தது. அந்த நான்கு நிமிஷத்துக்காக அதற்கு நன்றி சொல்வேன். தாத்தாவின் கருவி இதைக் கண்டிருக்கவே முடியாது. ஆனாலும் விரலை வைத்து எண்ணிய ஒரு கை இருந்த வீட்டில், திண்ணையில் அவள் தனியே உட்கார்ந்திருந்தாள் என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

சின்னச் சின்ன பயங்களும் இடம் மாறியிருக்கின்றன. மிக்ஸி, கிரைண்டர், டி.வி. எதற்கும் தடையில்லை. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். செல்போனை வலது காதில் வைத்துப் பேச வேண்டும், கருவிக்கு அரையடி தூரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. இது அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. சில்லறைப் பர்ஸும் போனும் ஜாக்கெட்டுக்குள் இடது பக்கம் செருகுவதுதான் அவளுடைய ஐம்பது வருஷப் பழக்கம். அந்த இடத்தில் இப்போது வேறொன்று குடியிருக்கிறது. பையை இடுப்புக்கு மாற்றினாள். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால், கையில் வைத்திருக்கும் டிடெக்டரால் தடவாமல் அனுப்புகிறார்கள். உள்ளே போய்ச் சன்னதியில் இரண்டு கையையும் இறுக்கிச் சேர்த்துக் கும்பிட்டாள். இன்றைய கம்பிகளுக்குத் தசையின் பேச்சும் இதயத்தின் பேச்சும் பெரும்பாலும் குழம்புவதில்லை.

இழந்தது எது என்று கேட்டால் நான் அந்தப் பன்னிரண்டு நாளைச் சொல்வேன். கட்டிலில் உட்கார்ந்து மாடி வீடு வரைந்த டாக்டரைச் சொல்வேன். அம்மாவை இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நல்லதுதான், தொற்று குறையும், செலவு குறையும். ஆனால் அந்த இரண்டு நாளில் அவளோடு யாரும் உட்காரவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கத் தாள் ஒன்று டிஸ்சார்ஜ் ஃபைலில் இருந்தது. நர்ஸ் போகிற போக்கில் சொன்னது ஒன்றே ஒன்று: “இடது கையைத் தூக்காதீங்கம்மா, ஒயர் நகந்துரும்.”

அம்மா சொன்னால் கேட்கிறவள். தூக்காதே என்றால் அசைக்காதே என்று எடுத்துக்கொண்டாள். கையைத் தூளியில் போட்டு நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, தூங்கும்போதும் அவிழ்க்காமல், ஆறு வாரம். நானும் தாளைச் சரியாகப் படிக்காமல் அதுதான் முறை என்று நம்பினேன். கம்பியின் நுனி இதயச் சுவரில் பிடித்து ஆறும்வரை கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, கொடியில் துணி போடக் கூடாது. ஆனால் தோளுக்குக் கீழே கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது பாதியை யாரும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் டாக்டர் கையை உயர்த்தச் சொன்னபோது, மார்புக்கு மேலே அது வரவில்லை. தோள்பட்டை இறுகிவிட்டிருந்தது. கழுத்து நரம்பிலும் கோளாறு இருக்குமோ என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 1998-இல் தாத்தா முதுகுவலியோடு போனபோது, பேஸ்மேக்கர் என்றதுமே ஸ்கேன் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ.க்குத் தாங்கும் பேஸ்மேக்கருக்கு அமெரிக்கா அனுமதி தந்ததே 2011-இல்தான். அம்மாவுக்கு கம்பெனிப் பையன் வந்து கருவியை அதற்கான நிலையில் வைத்தான். அரை மணியில் முடிந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை.

அந்த ஆறு வாரமும் அதற்குப் பிறகும் அம்மாவுக்கு நான்தான் தலை வாரினேன். கொண்டை போட இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால் போக வேண்டும். பெண்களுக்கு இந்த ஆபரேஷனில் முதலில் போகிற சுதந்திரம் அதுதான் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. விடுப்பு எடுத்து வந்திருந்தேன். காலையில் காபிக்கு முன்னால், தாத்தாவின் கட்டிலில் அவள் உட்கார, நான் பின்னால் நின்று சிக்கெடுப்பேன். அவள் தலைமுடியின் கனம் இவ்வளவு குறைந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சீப்பு இழுக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நாங்கள் அதிகம் பேசமாட்டோம். பால் பாக்கெட் வாசல் பையில் விழும் சத்தம் கேட்கும்.

தாத்தா 1998 கடைசியில், முதுகுவலி வந்த அதே வருஷம், சிறுநீரகக் கோளாறில் போனார். எரிப்பதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், நெருப்பில் வெடிக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு முன் உள்ளூர் டாக்டர் வந்து சின்னதாகக் கீறி எடுத்தார். ஆச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல உசுரு இருக்கா?” என்று கேட்டாள். இருக்கலாம் என்றார் டாக்டர். “அப்போ வேற யாருக்காச்சும் வச்சுவிடுங்க சாமி.” அப்படி வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். வெகு காலம் கழித்துப் படித்தேன்: அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து எடுத்த கருவிகளைச் சுத்திகரித்து, மும்பையில் ஒரு மருத்துவமனை 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்ததும், அவர்கள் நலமாக இருந்ததும் 2011-இல் வெளியாகியிருக்கிறது. ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள். இரண்டு பெட்டிகளும் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கம்பியே இல்லாமல் இதயத்துக்குள்ளேயே உட்காரும், இரண்டு கிராம் எடையுள்ள கருவி 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. பீரோவில் இருப்பவற்றை உள்ளங்கையில் வைத்தால் ஒவ்வொன்றும் அதைப்போல இருபது மடங்காவது இருக்கும்.

தோளுக்குப் பயிற்சி சொல்லித் தந்த பெண் பொறுமைசாலி. சுவரைப் பார்த்து நின்று, இடதுகை விரல்களைச் சிலந்தி போல மேலே ஏற்ற வேண்டும், எட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள், முன்னேற்றம் தெரியும் என்றாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுச் சுவரில் பென்சில் கோடுகள் ஏறத் தொடங்கின. தேதியை அம்மாவே எழுதினாள். முதல் கோடு அவள் நெஞ்சு உயரத்தில். பத்து நாளில் நான்கு விரற்கடை. கார்த்திகை தீபத்தன்று மோவாய் வரை. மார்கழி முழுக்க ஒரே இடத்தில் நின்றது. அங்கே கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கறுத்திருக்கின்றன. தைக்குப் பிறகு நெற்றி. தலையைத் தாண்டியதும் கிழமையும் எழுத ஆரம்பித்தாள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தபோது அங்கே அவள் இல்லை. கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். இடது முழங்கை கொஞ்சம் நடுங்கியது. இரண்டு கையும் பிடரிக்குப் பின்னால் இருந்தன. வாயில் ஒரு ஹேர்பின். கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தவள், பேச முடியாமல், பென்சிலை எடு என்று கண்ணால் சுவரைக் காட்டினாள்.